தூள் ஐஸ்

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறி
இரண்டு நாள்.
உப்பனாற்றில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன.
வாங்க ஆளில்லாத ஐஸை
இரவெல்லாம் உறைய வைத்துக்கொண்டிருந்தேன்.
"கூண்டு எறங்கின மறுநிமிஷம் வந்து நிப்பானுங்க,
நிறுத்தாத சவரி" என்றிருந்தார் முதலாளி.

இரண்டு பத்துக்கு கரண்ட் போயிற்று.

பதினெட்டு வருஷமாய்க் காதுக்குள் ஓடும் கம்ப்ரஸர்
நின்றால்
காதே கழன்று விழுந்தாற்போல் இருக்கும்.
டார்ச் அடித்து அம்மோனியா வால்வை மூடினேன்.
லெட்ஜரில் நேரம் எழுதினேன்.
டீசல் கேன் எங்கடா என்று அன்வர்தீனைக் கத்தினேன்.
வெளியே,
சிங்காரத்தோப்புக்கு அப்பால், கடலுக்கு மேல்
மேகம் தனக்குள்ளேயே எரிந்து எரிந்து அணைந்தது.
இடி இல்லை.

அண்ணாந்து பார்த்தியா என்று கேட்டாள் பிறகு.
பார்த்தேன். மழை வருமா என்று.

சிங்கப்பூரில் மூன்று வருஷம்
யாருடைய இரட்டைப் பிள்ளைகளுக்கோ சோறூட்டிவிட்டு
திரும்பிக்கொண்டிருந்தாள் அமலோற்பவம்.
முப்பத்தோராம் வரிசை, ஜன்னலோரம்.
புயலைச் சுற்றிப் போகிறோம் என்றாராம் பைலட்.
சுற்றித்தான் போனார்கள்.

"ஜன்னல்ல மணல வாரி எறியற மாதிரி சத்தம்.
அப்புறம் ஜெராக்ஸ் கடை வாசனை.
ரெக்கை நுனியில ஊதாவா என்னமோ ஊர்ந்துச்சு.
அப்புறம் யாரோ மிக்ஸிய ஆஃப் பண்ணிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள் முதல் வாரம்.

பக்கத்து இருக்கை பண்ருட்டி முந்திரி வியாபாரி
வாய்விட்டு எண்ணத் தொடங்கினாராம்.
நாற்பது வரை போய்
மறுபடி ஒன்றுக்கு வந்தாராம்.
இவள் குனிந்து
இருட்டில் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டிருக்கிறாள்.
"எங்க எறங்கினாலும்
வெறுங்காலோடயா எறங்கறது?"

ஐஸ்தான் காரணம் என்று
பேப்பரில் போட்டிருந்தார்கள்.
மாவுபோல் அரைபட்ட ஐஸ்.
முப்பத்தைந்தாயிரம் அடியில்
மேகத்தின் கொண்டையிலிருந்து சிதறி
சும்மா வெள்ளையாய் நிற்குமாம்.
மழையென்றால் ரேடாருக்குத் தெரியும்,
இது தெரியாதாம்.
இன்ஜின் அதை விழுங்கும்.
உள்ளே சூட்டில் கொஞ்சம் உருகி
கம்ப்ரஸரில்
(அதற்கும் ஒரு கம்ப்ரஸர்)
ஒட்டும், உறையும்,
பெயர்ந்து விழுந்து தீயை அணைக்கும்.

நான் நம்பவில்லை.
ஐஸை எனக்குத் தெரியும்.
பாளம் நழுவினால் பாதம் என்னாகும் என்று தெரியும்,
வலது காலில் இரண்டு விரல் அதற்குச் சாட்சி.
ஆனால் தூளைப் பார்த்து நான் பயந்ததே இல்லை.
தூள் வஞ்சிரத்துக்குப் போர்வை.
கேட் ஓரம் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு
ஒரு கை இனாம்.

கீழே இறங்க இறங்க உருகியிருக்கிறது.
வலது இன்ஜின் முதலில் பிடித்ததாம்.
"நம்ம போட்டு இன்ஜின் மாதிரிதான்,
மூணு தடவ முக்கிட்டு."
அப்போது ஒரு மின்னலில்
மேகக் கிழிசலுக்குக் கீழே
விளக்கே இல்லாத ஒரு கரை தெரிந்ததாம்.
கடலூரா இருக்குமோ என்றாள்.
இருக்கலாம்.
மரக்காணமாகவும் இருக்கலாம்.

லெட்ஜரை எடுத்து வந்து காட்டினேன்.
நின்றது 2.10. ஓடியது 2.31.
அவள் கடிகாரம் அன்றைக்கு
சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது.
இரண்டரை மணி நேரம் கழித்தால்,
என்று விரலை மடித்தேன்.
"கணக்குப் போடாத" என்றாள்.

அடுத்த கூண்டும் ஏறி இறங்கியாயிற்று.
விடிவதற்குள் முப்பது படகுக்கு ஐஸ் வேண்டும்.
பாளத்தைக் கிரஷருக்குள் தள்ளுகிறேன்,
அது அலறி
வெள்ளையாய்க் கக்குகிறது.
அன்வர்தீனின் புருவமெல்லாம் வெள்ளை.
சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள்
கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறாள்.
சத்தம் நிற்கும் வரை நின்றுவிட்டு
பாளம் இப்போது என்ன விலை என்று கேட்கிறாள்.
சொல்கிறேன்.

"ஏறிப்போச்சு" என்கிறாள்.